சுவருக்கு அந்தப் பக்கத்துப் படங்கள்

ஈப்போ
14 மார்ச் 1976

அன்புள்ள சக்கீனா,

போன மாதம் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபமா, உங்கள் சாப்பாட்டுக் கடையில் கூட்டமா என்று தெரியவில்லை. எதுவானாலும் இதைப் படித்து முடித்துவிட்டுக் கோபப்படு. சேதி நிறைய இருக்கிறது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. இசைத்தட்டுக் கடையில். முதலாளி சீனர். தமிழ்ப் பாட்டில் எது ஓடும், எது ஓடாது என்று அவருக்குத் தெரியாது. என்னைக் கேட்டுத்தான் சிங்கப்பூரிலிருந்து வரவழைக்கிறார். இப்போது ஒரு புது மாதிரிப் பாட்டு வருகிறது. உறுமியும் பறையும் நம் எஸ்டேட் திருவிழாவில் கேட்பது போலவே ஒலிக்கின்றன. அப்பா கடைக்கு வந்தபோது ஒன்றைப் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே முழுவதும் கேட்டுவிட்டு, “இதெல்லாம் நாங்க சும்மா அடிச்சதுலா, இத போயி தட்டுல போட்டு விக்கிறானா?” என்றார். லகாட் பக்கம் எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபின் அப்பா இங்கே நகராட்சியில் புல் வெட்டுகிறார். அவர் சிரித்து நான் பார்த்து நாளாயிற்று.

இன்னொன்று. கிந்தா நாடக மன்றத்தில் சேர்ந்திருக்கிறேன். நடத்துபவர் சதாசிவம், பத்து காஜாவில் ஆசிரியர். மேடையில் கத்தக் கூடாது என்பார், ஒத்திகையில் எங்களைப் பார்த்து அவரே கத்துவார். அவரோடு எல்லோரும் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போனோம். லகாட்டில் ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டையை ஒருவர் மெழுகும் சாயமும் வைத்துப் பாத்தேக் துணியில் வரைந்திருந்தார். படம் முழுக்க மணல் வெள்ளை. தண்ணீரைத் தேடித் தேடிப் பார்த்தேன், ஓர் ஓரத்தில் விரல் அகலத்துக்குத்தான் இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

புதிதாக வந்த ஓர் அக்கா தங்கை படத்தை இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் அழுதேன். அடுத்த வாரம் அது கோலா கங்சாருக்கு வருகிறது. உன் அத்தா உன்னைக் கொட்டகைக்குள் விடாவிட்டால் என்ன, கொட்டகையின் சுவர்தான் உங்கள் சமையல்கட்டுச் சன்னலுக்கு எதிரிலேயே நிற்கிறதே. கேட்டுவிட்டு எழுது. பார்த்தவர்கள் சொல்வதைவிட நீ கேட்டுச் சொல்வது எனக்குப் பிடிக்கும்.

உன்
மங்களம்


கோலா கங்சார்
2 ஏப்ரல் 1976

அன்புள்ள மங்களம்,

நோன்புப் பெருநாளுக்கு வருகிறேன் என்று சொல்லி வராமல் போனவளுக்கு எதற்குப் பதில் என்றுதான் இருந்தேன். உம்மா உனக்காகத் தனியாக எடுத்து வைத்திருந்த பலகாரத்தைக் கடைசியில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம்.

படம் வந்தது, போனது. ஓடிய நாளெல்லாம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். தங்கை சாகிற காட்சியில் தங்கைக்கு முன்பே வயலின்கள் செத்துவிடுகின்றன. அவள் வாயைத் திறக்குமுன் நாம் அழவேண்டும் என்று உத்தரவு வந்துவிடுகிறது. அக்காவாக நடிப்பவள் பொய் சொல்லும்போதும் உண்மை சொல்லும்போதும் ஒரே மாதிரி மூச்சு விடுகிறாள். கட்டின புருஷன் எப்படி அவளை நம்புகிறான் என்று தெரியவில்லை. ஆனால் அண்ணனுக்கு வேலை போய் வீட்டுக்கு வருகிற இடத்தில் யாரும் பேசவில்லை. கொட்டகையில் நாற்காலிகூட முனகவில்லை. அங்கே திரையில் என்ன இருந்தது? அவன் முகம் என்ன செய்தது? அதை எழுது.

நீ அழுததை எழுதாதே. உனக்கு அழுகை வந்தால் அது நல்ல படம். நாய்க்குட்டி போட்ட காலண்டரைப் பார்த்தும் அழுதவள் நீ. எஸ்டேட்டுப் பிள்ளைகளுக்குச் சத்தம் பெரிதாக இருந்தால் போதும் என்று நம் பள்ளிக்கூட டீச்சர் சொன்னது உன்னைப் பார்த்துத்தான்.

அந்த ஈயக் குட்டை ஓவியம் நல்ல ஓவியம். நீ அதைப் புரிந்துகொள்ளாமல் எழுதியும் எனக்கு அது தெரிந்துவிட்டது.

இங்கே ஒரு பேச்சு நடக்கிறது. தெலுக் ஆன்சனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜஹாங்கீர் என்பவர் என்னைக் கேட்டிருக்கிறார். மனைவி இறந்தவர், என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். உம்மா வேண்டாம் என்கிறார். அத்தா இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடுகிறேன் என்று கேட்டிருக்கிறேன். பாதி இறங்கி வந்திருக்கிறார். மீதிப் பாதிக்கு உம்மாவும் நானும் பொறுமையாக வேலை செய்கிறோம்.

சக்கீனா


ஈப்போ
9 மே 1976

அன்புள்ள சக்கீனா,

நாய்க்குட்டி காலண்டர் வரியைப் படித்துவிட்டு உன் கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்து மறுபடி படித்தேன். நீ பேசுவது எல்லாம் சரியாகவும் இருக்கிறது, அறைவது மாதிரியும் இருக்கிறது. எனக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மன்றத்தில் ஒத்திகை முடிந்து தேநீர் குடிக்கும்போது அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ‘தங்கைக்கு முன்பே வயலின்கள் செத்துவிடுகின்றன’ என்று சொன்னேன். சதாசிவம் கடிக்கப்போன பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“இத யாரு சொன்னா?”

“நாந்தான்” என்று வாயில் வந்துவிட்டது.

அன்றைக்கு வாரப் பத்திரிகை ஆசிரியரும் அங்கே உட்கார்ந்திருந்தார். எழுதிக் கொடு என்றார். எழுதினேன், வந்துவிட்டது. மாதம் இரண்டு தடவை கலைப் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார், பெயரோடு. சக்கீனா, எங்கள் அப்பா அந்தப் பத்திரிகையை வேலைசெய்கிற இடத்துக்கு எடுத்துப் போனார். அவருக்குப் படிக்கத் தெரியாது. என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, அந்த இடத்தில் விரலை வைத்து மற்றவர்களுக்குக் காட்டினாராம்.

உன் பெயரைப் போட்டால் உன் அத்தா என்ன செய்வார் என்று உனக்கே தெரியும். அதனால்தான் போடவில்லை. கோபமில்லையே?

மங்களம்


கோலா கங்சார்
20 மே 1976

மங்களம்,

கோபமில்லை. என் பெயர் வேண்டாம். சத்தியமாகவே வேண்டாம்.

கடைக்குப் பத்திரிகை வருகிறது. நீ எழுதியதை அத்தா வாடிக்கையாளர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். முடித்துவிட்டு, “இந்தப் பொண்ணு கெட்டிக்காரிலா” என்றார். நான் உள்ளே திரைக்குப் பின்னால் குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அத்தா என்னைப் பற்றி அப்படி ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன், அவருக்குத்தான் அது தெரியாது.

ஒரே ஒரு நிபந்தனை. என் வாக்கியத்தை மாற்றாதே. நடுவில் ‘மிகவும் அருமையாக’ என்று சேர்த்திருக்கிறாய். தண்ணீர் ஊற்றிய பால் மாதிரி இருக்கிறது.

பார்ப்பதை நீ எழுது, கேட்பதை நான் எழுதுகிறேன். ஆளுக்குப் பாதி.

சக்கீனா


ஈப்போ
23 ஜனவரி 1977

சக்கீனா,

அவசரம். இந்த வாரம் உன் கடிதம் ஏன் வரவில்லை? வியாழக்கிழமை நான் கொடுத்தாக வேண்டும். புதுப் படத்தைப் பற்றி உடனே எழுது. நீளம் வேண்டாம், நான்கைந்து கூர்மையான வரி இருந்தால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒளியைப் பற்றியும் காட்சி அமைப்பைப் பற்றியும் நீ எழுத வேண்டாம். சுவருக்கு உன் பக்கமிருந்து அதெல்லாம் தெரியாது. போன தடவை அப்படி ஒரு வரியைப் பத்திரிகை ஆசிரியரே வெட்டிவிட்டார். நாடகம் பற்றியும் இப்போது நானே எழுதிக்கொள்கிறேன், எனக்குப் பிடிபட்டுவிட்டது. போன மாதம் தைப்பிங் குழுவினர் போட்டதை நான் எழுதிய பிறகு அவர்கள் அடுத்த ஊர் மேடையை ரத்துச் செய்துவிட்டார்கள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது எங்கே போனாலும் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள்.

சதாசிவம் வீட்டில் பெண் கேட்டு வந்தார்கள். அடுத்த வருஷம் என்று பேசியிருக்கிறார்கள். அவர் அம்மாவுக்கு எஸ்டேட் லயத்துப் பெண் என்று முதலில் இழுப்பு இருந்தது. பத்திரிகையைக் காட்டித்தான் வாயை அடைத்தாராம்.

உன் ஜவுளிக்கடைக்காரர் என்ன ஆனார்? பயிற்சிக் கல்லூரிக்கு மனுப் போட்டாயா?

மங்களம்


கோலா கங்சார்
6 மார்ச் 1977

மங்களம்,

பிப்ரவரி கடைசி வாரப் பத்திரிகையில் உன் பக்கத்தைப் பார்த்தேன். நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன்.

‘அரச நகரில் ஓர் உணவுக்கடையின் பின்கட்டில் நமக்கு ஒரு ரசிகை இருக்கிறார். இவர் படம் பார்ப்பதில்லை, மோந்து பார்க்கிறார். கதாநாயகி அழும்போது இவர் வெங்காயம் உரிப்பார். ஆகவே கண்ணீருக்குக் குறைவில்லை. கதாநாயகன் பக்கத்தில் வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரில் காதை இன்னும் நெருக்கமாக வைப்பார். பாவம், அந்தச் சுவர்தான் அவருக்கு வாய்த்த மாப்பிள்ளை.’

அன்றைக்கும் அத்தாதான் உரக்கப் படித்தார். மூன்றாவது வரியில் குரல் நின்றது. மீதியை உடையப்பன் என்கிற லாரிக்காரர் அத்தாவின் கையிலிருந்து வாங்கி எல்லோருக்கும் படித்து முடித்தார். கடை முழுக்கச் சிரிப்பு. அரச நகர் என்றால் சுல்தான் இருக்கிற இந்த ஊர்தான். இங்கே கொட்டகைச் சுவரை ஒட்டி எத்தனை உணவுக்கடை இருக்கிறது? மறுநாள் ரொட்டி சாப்பிட வந்தவன் ஒருவன், “வெங்காய ரசிகை உள்ளதான் இருக்கா?” என்று கேட்டான். அத்தா கல்லாவை மூடிவிட்டு உள்ளே வந்தார். என்னை அடிக்கவில்லை. ஆணியும் பலகையும் கொண்டுவரச் சொல்லிச் சன்னலை அடைத்தார். அடைத்து முடிக்கும் வரை உம்மாவும் நானும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் தெலுக் ஆன்சனுக்கு ஆள் அனுப்பி வாக்குக் கொடுத்துவிட்டார். உம்மா எதிர்த்துப் பேசவில்லை. பேச அவருக்கு இனி என்ன இருக்கிறது? பயிற்சிக் கல்லூரி மனு அத்தாவின் கையெழுத்துக்காகக் கல்லாப் பெட்டியில் கிடந்தது. அதை அவரே எடுத்துக் கிழித்தார்.

நீ கேட்டாயே, ஜவுளிக்கடைக்காரர் என்ன ஆனார் என்று. அடுத்த மாதம் கல்யாணம்.

சக்கீனா


ஈப்போ
15 மார்ச் 1977

சக்கீனா,

உன் கடிதத்தைப் படித்தேன். இவ்வளவு ஆகும் என்று நான் நினைக்கவில்லை. அந்த வாரம் நீ எதுவுமே அனுப்பவில்லை. சிரிக்கிற மாதிரி ஏதாவது கொடு என்று பத்திரிகை ஆசிரியர் கழுத்தில் கத்தி வைத்தார். பெயர் போடவில்லை, ஊர்ப் பெயர்கூடப் போடவில்லை. உன் அத்தா அதை உரக்கப் படிப்பார் என்று நான் எப்படிக் கண்டேன்?

மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்து நீ என்னைச் சொன்னதையெல்லாம் நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். காலண்டர், எஸ்டேட்டுச் சத்தம், என் தலை எண்ணெய், என் அப்பாவின் சட்டை. உனக்கு அதெல்லாம் பேச்சு. ஒரே ஒரு தடவை நான் உன்னைப் பற்றிச் சிரித்தேன். ஊரும் சேர்ந்து சிரித்துவிட்டது. உனக்கு வலித்தால்தான் அது வலியா?

அவர் நல்ல மனிதராக இருந்தால் சரிதான். ஜவுளிக்கடை வீட்டில் நீ வெங்காயம் உரிக்க வேண்டியிருக்காது.

மங்களம்


ஈப்போ
13 ஆகஸ்டு 1978

அன்புள்ள சக்கீனா,

கல்யாணத்துக்கு வாழ்த்து அனுப்பினேன், போன பெருநாளுக்கும் அட்டை அனுப்பினேன். உன் உம்மாவிடம் முகவரி வாங்கித்தான் அனுப்பினேன், கிடைத்திருக்கும். பதில் வராதது நியாயம்தான். போன தடவை கடைசி வரியை எழுதியதற்காக நான் பல நாள் வெட்கப்பட்டிருக்கிறேன்.

இப்போது உன்னிடம் வேலையாகத்தான் வருகிறேன், மறைக்கவில்லை. சதாசிவம் புது நாடகம் எழுதியிருக்கிறார். குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் கொடுக்காமல் ஊருக்குத் திருப்பிக் கப்பலேற்றினார்களே, அந்தக் கதை. பத்து காஜா எஸ்டேட்டில் ராக்காயி என்கிற அம்மாவின் புருஷன் அப்படிப் போனவர். இந்த அம்மாவுக்குப் பிள்ளைகளோடு இங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. அந்த ஆளிடமிருந்து இரண்டு வருஷம் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. ராக்காயி அம்மா சொன்னதைத்தான் சதாசிவம் நாடகமாக்கியிருக்கிறார். நான்தான் அந்த அம்மாவாக நடிக்கிறேன். அக்டோபரில் ஈப்போ நகர மண்டபத்தில் முதல் மேடை, பிறகு பினாங்கு, கோலாலம்பூர்.

ஒத்திகையை நாடாவில் பிடித்து இதோடு அனுப்பியிருக்கிறேன். கேசட் பெட்டி உன் வீட்டில் இருக்கும் என்று நம்புகிறேன். கடைசிக் காட்சியைக் கேள். பினாங்குத் துறைமுகம். கப்பல் போய்விட்டது. அவள் பிள்ளைகளைப் பார்த்து, “வாங்க புள்ளைங்களா, பஸ் போயிரும்” என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான், திரை. சதாசிவம் அதை அழாமல் சொல்லச் சொல்கிறார். சாதாரணமாக, கடைக்குப் போய்விட்டுத் திரும்புகிற மாதிரி. எனக்கு அது வரவே மாட்டேன் என்கிறது. புருஷனைக் கப்பலில் ஏற்றிவிட்டு எவள் பஸ்ஸைப் பற்றி அப்படிப் பேசுவாள்? அழுதால்தானே மனுஷி? நாடாவில் இரண்டு மாதிரியும் இருக்கிறது. முதலில் அவர் சொன்னபடி, பிறகு என் இஷ்டப்படி.

நீ எழுதுவது நின்ற பிறகு பத்திரிகையில் என் பக்கம் மெலிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரிகிறது. நாலு பேர் புகழ்ந்தால் பொய் என்று தோன்றுகிறது. நீ சொன்னால் நம்புவேன். திட்டியாவது சொல்.

மங்களம்


தெலுக் ஆன்சன்
3 செப்டம்பர் 1978

அன்புள்ள மங்களம்,

நாடா பத்திரமாக வந்து சேர்ந்தது. இவர் எனக்கு ஒரு ஜப்பான் கேசட் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். கடைக்கு மேலே எங்கள் அறை; மதியம் கடையில் ஆள் குறைவாக இருக்கும்போது கேட்டேன். இவர் நல்ல மனிதர்தான். அதிகம் பேசமாட்டார். எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பதில்லை, ஆனால் என்ன கேட்டாலும் வாங்கித் தந்துவிடுகிறார். படம் பார்க்கவும் தடையில்லை. கொட்டகைக்கு இரண்டு தடவை போனோம். இரண்டு தடவையும் நான் கண்ணை மூடிக்கொண்டேன், பிறகு போகவில்லை.

பழையதை நாம் பேச வேண்டாம்.

கடைசிக் காட்சியைப் பற்றிக் கேட்டாய். உன் மாதிரிதான் சரி. சதாசிவம் தப்பு. பெண்ணின் துக்கம் என்னவென்று தெரியாத ஆண் எழுதியது அந்த அடக்கம். அழு, மங்களம். இப்போது அழுகிறாயே, அதுகூடப் போதாது. ‘வாங்க’ என்ற சொல்லை இழு. ‘பஸ்’ என்ற இடத்தில் உடைந்து போ. முழங்காலில் விழுந்தாலும் தப்பில்லை. எஸ்டேட்டிலிருந்து லாரியில் வந்து உட்கார்ந்திருக்கப்போகிற பெண்களெல்லாம் உன்னோடு சேர்ந்து அழுவார்கள்.

அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதே. சொன்னால் தடுப்பார். தன் நாடகத்தைவிட நடிகை பெரிதாகிவிடுவாளோ என்ற பயம் எழுதுகிறவர்களுக்கு உண்டு. ஒத்திகையில் அவர் சொன்னபடி செய். மேடையில் உன் மனசு சொன்னபடி செய்.

எப்படி நடந்தது என்று எனக்கு எழுது.

உன்
சக்கீனா


ஈப்போ
5 நவம்பர் 1978

சக்கீனா,

எப்படி நடந்தது என்று எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பத்து காஜாவிலிருந்து லாரியில் வந்தார்கள். ராக்காயி அம்மாவை முன்வரிசையில், என் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தோம். கடைசிக் காட்சி வரைக்கும் ஒரு சத்தம் இல்லை. பிறகு நீ சொன்னதைச் செய்தேன். ‘வாங்க’ என்று இழுத்தேன். ‘பஸ்’ என்ற இடத்தில் உடைந்தேன், முழங்காலில் விழுந்தேன். பின்வரிசையில் ஓர் இளைஞன், “பஸ்ஸுக்கா இந்த அழுக?” என்றான். மண்டபம் வெடித்தது. எல்லோரும் சிரித்தார்கள், சக்கீனா. என்னோடு மேடையில் நின்ற பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். திரையை இழுக்க வேண்டியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதால் திரை விழவே நேரமாயிற்று. நான் முழங்காலிலேயே இருந்தேன்.

ராக்காயி அம்மா சிரிக்கவில்லை. எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவ்வளவு சிரிப்புக்கும் நடுவில் வெளியே போனார். அப்பா பின்னாலேயே போய், “என் மக தெரியாம செஞ்சுட்டா, மன்னிச்சுக்க தாயி” என்றாராம். அவர், “நா அன்னிக்கு அழவே இல்லலா அண்ணே. அழுதிருந்தா புள்ளைங்கள யாரு கூட்டிக்கிட்டு வந்திருப்பா?” என்று கேட்டுவிட்டு லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டாராம். கூட வந்தவர்கள் ஏறும் வரை தனியாகவே உட்கார்ந்திருந்தார்.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் என் இடத்தில் மன்றத்துச் செல்லாயி நடித்தாள். நன்றாக நடித்தாளாம். சதாசிவம் இசைத்தட்டுக் கடைக்கு வந்தார், உள்ளே வராமல் வாசலில் நின்றே பேசினார். நாடகம் கெட்டதை மன்னித்துவிடலாம், தன்னிடம் சொல்லாமல் செய்ததை மன்னிக்க முடியவில்லை என்றார். அவர் அம்மாவின் வாயை அவர் இனி அடைக்க வேண்டிய அவசியமில்லை. தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் எங்கள் கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்தது உனக்குத் தெரியாது. தை மாதம்.

பத்திரிகையில் என் பக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் முதல் தடவை எழுதியதே என்னைப் பற்றித்தான். தலைப்பு, ‘பஸ்ஸைத் தவறவிட்ட நடிகை’. அப்பா இப்போதும் அந்தப் பத்திரிகையை எடுத்து வந்து என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நீ கேட்டுச் சொன்னது ஒருநாளும் தப்பாகப் போனதில்லை. கொட்டகைச் சுவரைத் தாண்டி ஒரு நடிகையின் மூச்சைக் கண்டுபிடித்தவள், உன் அறையில் உன் பெட்டியில் ஓடிய நாடாவில் என் மூச்சைக் கண்டுபிடிக்கவில்லையா? நீ ஏமாந்தாயா, ஏமாற்றினாயா? அதை மட்டும் சொல். ஏமாந்தேன் என்று சொன்னால் நம்பிவிடுகிறேன். நம்பத்தான் விரும்புகிறேன்.

மங்களம்


தெலுக் ஆன்சன்
19 நவம்பர் 1978

மங்களம்,

ஏமாறவில்லை.

நாடாவை முதல் தடவை கேட்டபோதே தெரிந்தது. சதாசிவம் சொன்னபடி நீ சொன்ன ‘பஸ் போயிரும்’ என்ற வரியில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்து உன் இஷ்டப்படி அழுதாய். மண்டபத்தின் சிரிப்பு எனக்கு அப்போதே கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு மூன்று நாள் உனக்கு எழுதவில்லை. சன்னல் அடைத்த நாளை நினைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னால் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அப்படி இல்லை. நல்ல தெளிவோடு உட்கார்ந்தேன். ‘இழு’, ‘உடைந்து போ’ என்று எழுதியபோது உன் குரல் எங்கே எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்தது. முழங்காலில் விழச் சொன்னதைக் கடைசியில்தான் சேர்த்தேன். அது தேவையில்லை. ஆனாலும் சேர்த்தேன்.

ராக்காயி அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். அவர் முன்வரிசையில் உட்காருவார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். மாற்றி எழுதியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அதைப் பற்றி உன்னிடம் சொல்ல எனக்கு வேறு எதுவும் இல்லை. அது அவருக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்.

இவர் நேற்றுக் கேட்டார், ஏன் அந்த நாடாவையே போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று. நாடகம் என்றேன். நல்லா இருக்கா என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை உனக்கும் சொல்லிவிடுகிறேன்.

நாடாவின் முதல் பக்கத்தில் ஒரு காட்சி இருக்கிறது. குடிநுழைவு ஆபீசில் அவள் குமாஸ்தாவிடம் புருஷனின் கார்டை நீட்டுகிறாள். அவன் நாளைக்கு வா என்கிறான். அவள், “நாளைக்கும் நீங்கதானே இருப்பீங்க?” என்று கேட்கிறாள். நீ அதைக் கெஞ்சவும் இல்லை, சண்டைக்கும் போகவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறாய். குமாஸ்தாவாக நடிப்பவர் அதற்குப் பதில் சொல்லத் தடுமாறுகிறார். அது நடிப்பில்லை, அவருக்கு உண்மையிலேயே வசனம் மறந்துபோய்விட்டது. நான் இத்தனை வருஷம் கேட்ட எந்தப் படத்திலும் எந்த நடிகையும் அப்படி ஒரு வரியைச் சொன்னதில்லை.

அதை உனக்குச் செப்டம்பரிலேயே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் கடைசிக் காட்சியையும் அதே மாதிரி சொல்ல உனக்கே வழி தெரிந்திருக்கும். அதனால்தான் எழுதவில்லை.

இப்போது எழுதுகிறேன். இனி உனக்கு மேடை இல்லை.

சக்கீனா